கிரிஃபித் மதிப்பீட்டில் இருப்பவர் ஞானஸ்நானப் பதிவில் இல்லையா?

அயர்லாந்தில் வாழ்ந்த உங்கள் முப்பாட்டனார் ஜேம்ஸ் நில மதிப்பீட்டில் இருந்தும் ஞானஸ்நானப் பதிவில் இல்லையென்றால், நீங்கள் புரட்டிய பதிவேடு வேறு பங்கினுடையதாக (parish) இருக்கலாம். மேயோ கவுண்டியில் (மாவட்டம்) அவரைக் காட்டிய கிரிஃபித் நில மதிப்பீடு (1847–1864), அதாவது வரிக்காக நிலமும் வீடும் வைத்திருந்தோரைப் பட்டியலிட்ட அரசு ஆவணம், குறிப்பது அரசு நிர்வாகப் பங்கை (civil parish). கத்தோலிக்கப் பங்கின் எல்லை வேறு. பல இடங்களில் பெயரே வேறு.

பங்கின் பெயரை விடுங்கள், டவுன்லேண்ட் பெயரைப் பிடியுங்கள். சிற்றூர் அளவிலான அந்த நிலப்பிரிவுதான் உண்மையான முகவரி. அயர்லாந்து தேசிய நூலகத்தின் இணையதள வரைபடத்தில் அது எந்தக் கத்தோலிக்கப் பங்குக்குள் விழுகிறது என்று பார்த்து, பக்கத்துப் பங்குகளையும் சேர்த்துத் தேடுங்கள். பதிவேடுகளின் படங்கள் அங்கே இலவசம். பல பதிவேடுகள் லத்தீனில் இருப்பதால் ஜேம்ஸ் ‘யாகோபுஸ்’ ஆகியிருப்பார். குடும்பப்பெயரின் முன்னுள்ள ‘ஓ’ விடுபட்டிருக்கவும் கூடும்.

ஒன்று மட்டும்: மேற்குக் கவுண்டிகளில் பல பதிவேடுகள் காலம் தாழ்ந்தே தொடங்குகின்றன. அவர் பிறந்த ஆண்டுக்குப் பதிவே இல்லையென்றால், பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைத் தேடுங்கள்.