சிமுலேட்டரில் மழை பெய்தாலும் சாலை வழுக்காது

கேள்வி: நாங்கள் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்கள். தானியங்கிக் காருக்கான அவசர பிரேக் மென்பொருள் எழுதி, சாலையையும் வண்டியையும் கணினியிலேயே உருவாக்கிக் காட்டும் கார்லா என்னும் சிமுலேட்டரில் ஆயிரம் கிலோமீட்டர் மோதாமல் ஓட்டிவிட்டோம். இனிக் கல்லூரி வளாகத்தில் உண்மையான வண்டியில் பொருத்திப் பார்க்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் அந்த ஆயிரத்தை மறந்துவிடுங்கள். தானியங்கிக் கார் மனித ஓட்டுநரைவிட மோசமில்லை என்று சாலையில் ஓட்டியே நிரூபிக்க, ஓர் உயிரிழப்பும் இல்லாமல் சுமார் 44 கோடி கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. சாலையில் செய்து பார்க்கவே கூடாததைச் செய்து பார்க்கத்தான் சிமுலேட்டர்.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி ஒரு பெண் இறந்தார். இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தவர். மோதுவதற்கு 5.6 வினாடிகள் முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், சைக்கிள், வேறு ஏதோ பொருள் என்று அடையாளம் மாறிக்கொண்டே இருந்தது. மாறிய ஒவ்வொரு முறையும், அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தை மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை. அந்த விசாரணை அறிக்கையை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

உங்கள் மென்பொருளையும் இதே காட்சியில் சோதியுங்கள். பாதசாரி எங்கே இருக்கிறார் என்று கார்லாவிடமே கேட்டு வாங்காதீர்கள். அது பிசகில்லாத விடை தரும், உண்மைக் கேமரா தராது. அடையாளத்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கொடுங்கள். சில பிரேம்களில் ஆளையே மறைத்துவிடுங்கள். அவர் நடக்கும் வேகம், காரின் வேகம், அவர் குறுக்கிடும் தூரம் மூன்றையும் சிறிது சிறிதாக மாற்றி, எந்த இடத்தில் மோதல் தொடங்குகிறது என்று குறித்து வாருங்கள். ஒரு மோதல்கூட வரவில்லையென்றால் உங்கள் சோதனை போதவில்லை.

பலர் கவனிக்கத் தவறுவது இது: கார்லாவில் மழையைக் கூட்டினால் கேமராப் படம்தான் மாறும். டயரின் உராய்வு அளவை நீங்களே குறைத்தால்தான் ஈரச்சாலையில் போல பிரேக் தூரம் நீளும். சோதனையை ஒத்திசைவு முறையில், அதாவது ஒவ்வொரு படியிலும் உங்கள் மென்பொருளுக்காகச் சிமுலேட்டர் காத்திருக்கும்படி, 0.05 வினாடி போன்ற மாறாத காலப்படி வைத்து ஓட்டுங்கள். இல்லையேல் கணினியின் வேகத்துக்கேற்ப முடிவு மாறும்; கண்ட பிழையை மறுபடி வரவழைக்க முடியாது.

இவ்வளவும் முடிந்தபின் வளாகத்துக்குப் போகலாம். ஆளில்லாத மைதானத்தில், பிரேக்கில் கால் வைத்த ஒருவர் இருக்கையில் இருக்க, மெதுவான வேகத்தில் தொடங்கி, பிரேக் தூரத்தை அளந்து சிமுலேட்டர் சொன்னதோடு ஒப்பிடுங்கள். எதிரே பஞ்சுப் பொம்மையை நிறுத்துங்கள். நண்பர்கள் யாராவது தாமே நிற்பதாக முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள்.