முள் நடுவில் நிற்கட்டும்

கேள்வி: என் பெட்ரோல் கார் ஒருமுறை அதிகம் சூடாகி வழியில் நின்றுவிட்டது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, 'இனி எஞ்சின் குளுகுளுவென்று இருக்கும்' என்றார். அன்று முதல் வெப்பம் காட்டும் முள் கால்வாசியைத் தாண்டுவதில்லை. ஆனால் மைலேஜ் குறைந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. உங்கள் மெக்கானிக்கைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தொழில் பழகிய நாட்களில் நானும் இதையே செய்து, பட்டறை முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். திட்டி ஓய்ந்ததும் அவர் அந்தத் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடுப்பில் இருந்த தண்ணீரில் தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு வெப்பமானி. 80 டிகிரி வரை அசைவே இல்லை. 82-ஐத் தாண்டியதும் வால்வு மெல்ல வாய் திறந்தது. உள்ளே இருப்பது ஒரு சிமிழ் மெழுகு. அது உருகி விரிந்துதான் வால்வைத் தள்ளுகிறது. "இந்தச் சூடு வரும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாதே என்று எஞ்சினைச் செய்தவனே கதவு வைத்திருக்கிறான். அதைப் பிடுங்க நீ யார்?" என்றார்.

பெரும்பாலான எஞ்சின்களுக்கு 90 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அது வராவிட்டால், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று எண்ணிக் கட்டுப்பாட்டுக் கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலும் இளகாமல் இழுக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். மைலேஜை விட எனக்குக் கவலை தருவது இதுதான். தேய்மானம் சத்தமில்லாமல் நடக்கும்.

புதிய தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். அதன்மேல் பொறித்த டிகிரி, உங்கள் எஞ்சினுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும். பழையது திறக்காமல் சிக்கியிருந்தால் கதை அதோடு முடிந்தது. இல்லையென்றால் அன்று வண்டி ஏன் சூடானது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கூலன்ட் கசிவு, மின்விசிறி, ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த அழுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். சுமார் 1 பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால்தான் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 100-லேயே பொங்கிவிடும். ரப்பரைப் பார்க்காமல் ரேடியேட்டரையே மாற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள்.