பதவி மாறினால் பழைய லீவு போய்விடுமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆறு வருடமாக வெளிக்காட்டு வேலை செய்கிறேன். அடுத்த மாதம் அதே தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக (கணக்கு எழுதும் ஆபிஸ் வேலை) போகிறேன். 11 நாள் லீவு பாக்கி இருக்கிறது. புது வேலை என்பதால் அது பர்ன் ஆகிவிடும், இனி வருடத்துக்கு 8 நாள்தான் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை தம்பி, தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதைத்தான் மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டம் பார்க்கிறது, வெளிக்காடா ஆபிசா என்று கேட்பதே இல்லை. இரண்டு வருடத்துக்குக் கீழே 8 நாள், ஐந்து வருடம் முடியும் வரை 12, அதற்கு மேல் 16. உங்களுக்கு 16 நாள். கிராணியானாலும் அதே 16தான், பாக்கி 11 நாளும் உங்களோடு வரும்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். சம்பளச் சீட்டின் மேலே இருக்கும் கம்பெனிப் பெயரையும், மாற்றல் கடிதத்தில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள், ஏனென்றால் தோட்டம் ஒன்றாக இருந்தாலும் ஆபிஸ் ஆட்களை வேறு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) பெயரில் எடுக்கிற இடங்களும் உண்டு. பெயர் வேறு என்றால் பழைய வேலை முடிந்து புது வேலை தொடங்குவதாக ஆகிவிடலாம். அப்படியென்றால் கையெழுத்துப் போடுமுன் 11 நாளையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காசாகக் கேளுங்கள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி: 1,820 ரிங்கிட் என்றால் நாளுக்கு 70, 11 நாளுக்கு 770 ரிங்கிட். சின்னக் காசா அது? பழைய ஆறு வருடத்தையும் சேர்த்துக் கணக்கிடுவோம் என்று புதுக் கடிதத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு வருடம் முடிந்து கிடைத்த லீவை அடுத்த 12 மாதத்துக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அது நிஜமாகவே போய்விடும். வேலை இருக்கிறது, இப்போது எடுக்காதே என்று நிர்வாகம் கேட்டு, நீங்கள் அதற்கு எழுத்தில் சம்மதித்திருந்தால் மட்டும் அதற்குப் பணம் உண்டு. வாய்ப்பேச்சு உதவாது. என் அம்மா பால்மரம் சீவிய தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர் (கங்காணி), 'அப்புறம் எடுத்துக்கலாம்மா' என்பார், அம்மாவும் தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்படி 9 நாள் போனது, ஒரு காசு வரவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அதனால் நாளைக்கே லீவு கார்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கி 11 நாள் என்று மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் ஆபிஸ் சாப் (முத்திரை) வாங்கி வையுங்கள். சங்கத்தில் இருந்தால் கூட்டு ஒப்பந்தத்தையும் கேட்டுப் பாருங்கள், அதில் சட்டத்தைவிடக் கூடுதல் நாள் இருக்கலாம். அதற்குப் பிறகும் தரமாட்டோம் என்றால் உங்கள் பகுதி லேபர் ஆபிசுக்குப் போங்கள். புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை, சம்பளச் சீட்டும் அந்த நகலும் கையில் இருந்தால் சரி.