ஏழு சக்கரத்துக்கு ஏழு குப்பியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யோகா வகுப்பில் ஏழு சக்கரத்துக்கும் ஏழு எண்ணெய் என்று ஒரு பெட்டி தருகிறார்கள், 3,500 ரூபாய். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. அநாகதம், அதாவது நெஞ்சுச் சக்கரம், அடைபட்டிருக்கிறது, ரோஜா எண்ணெய் தடவுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகி, காட்பாடி)

பதில்: பெட்டி வேண்டாம்மா. மூலாதாரம், மணிபூரகம், அநாகதம் என்று ஆறு ஆதாரங்களை (உச்சந்தலையையும் சேர்த்தால் உங்கள் ஏழு சக்கரம்) திருமூலர் காலத்திலிருந்தே நம்மவர்கள் பேசுகிறார்கள், ஆனால் அங்கே வழி என்று சொல்வது மூச்சும் தியானமும்தான். இதற்கு ரோஜா, அதற்கு லாவண்டர் என்கிற பட்டியல் வெளிநாட்டில் பிற்பாடு சேர்த்தது. அரோமாதெரபி, அதாவது வாசனை எண்ணெய் வைத்தியம் என்பதே 1937-ல் கத்தஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் போட்ட புத்தகத்தோடு வந்த பெயர். எந்தச் சக்கரம் அடைபட்டிருக்கிறது என்று காட்டுகிற கருவி எதுவும் கிடையாது, விற்பவர் சொல்வதுதான் கணக்கு.

அதற்காக வாசனையால் ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். மூக்கில் ஏறுகிற வாசம் மூளையில் உணர்ச்சியையும் ஞாபகத்தையும் கவனிக்கிற இடங்களுக்குச் சட்டென்று போய்விடும். லாவண்டர் முகர்ந்தால் பதற்றம் கொஞ்சம் தணிகிறது என்று ஆய்வுகளும் உண்டு, பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், அதுவும் எதை முகர்கிறோம் என்பதை ஆளுக்குத் தெரியாமல் மறைப்பது கஷ்டம், அதனால் முடிவை அப்படியே நம்ப முடியாது. ஆசையாக இருந்தால் பிடித்த எண்ணெய் ஒரு குப்பி வாங்கி, பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுத் தலையணைப் பக்கம் வையுங்கள். தடவுவதானால் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு, சுமார் 2 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். எலுமிச்சை, பெர்கமட் (ஒருவகை ஆரஞ்சு) எண்ணெயைப் பூசிக்கொண்டு நம்ம வேலூர் வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கருத்துவிடலாம். தண்ணீரில் கலந்து குடிக்கச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்தப் படபடப்பு. தைராய்டும் இப்படிச் செய்யும், மாதவிடாய் நிற்கிற சமயமும் செய்யும், அதனால் அநாகதத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அதில் ஒன்றுமில்லை, மனசுதான் கனக்கிறது, இரண்டு வாரமாகியும் விடவில்லை என்றால் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது, காட்பாடியிலிருந்து டவுன் பஸ்ஸே போகிறது. போகத் தயக்கமா, 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல ஆலோசனை சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அப்புறம், மகளுக்கும் சொல்லுங்கள், ஏன் மறைக்கிறீர்கள்?

கேள்வி: எட்டு மாதக் குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது. அமைதியாகத் தூங்க நீலகிரித் தைலம் தடவலாமா?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: கூடாது. நீலகிரித் தைலமும் கற்பூரமும் கைக்குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு தரும், தப்பித்தவறி வாய்க்குள் போனால் வலிப்பே வரலாம். குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள், காது வலியாகவும் இருக்கலாம்.

கேள்வி: தியானத்துக்கு என்று ஜவ்வாது மலைச் சந்தனத் தைலம் 10 மில்லி 150 ரூபாய்க்கு வாங்கினேன். அசலா?
(வாசகர், திருப்பத்தூர்)

பதில்: சந்தனக் கிடங்கு இருக்கிற ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! மரம் வைரம் பாயவே பல வருஷம் ஆகும், சுத்தமான தைலம் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டும், அப்படியானால் 10 மில்லியே ஆயிரத்துக்கு மேல் வர வேண்டும். வாசனை பிடித்திருந்தால் பஞ்சில் விட்டு முகர்ந்துகொள்ளுங்கள், தோலில் மட்டும் தடவாதீர்கள்.