உங்கள் வீட்டு நாய்க்கென்று தனிக் குணம் உண்டா? அதன் விசித்திரப் பழக்கங்கள் என்ன?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார். குணம் என்பதெல்லாம் நாய்க்கு உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை வளர்ப்பவர்கள் பாசத்தில் கட்டிவிடும் கதையா? எங்கள் வீட்டுக் கடுகை வைத்துப் பதில் சொல்கிறேன். கடுகு பெண் நாய். உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வந்தபோது வைத்த பெயர் அது. இப்போது அவள் சோபாவில் படுத்தால் வேறு யாரும் உட்கார இடமிருக்காது.

குணம் உண்டு என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரே குணம் இல்லை. அப்பாவிடம் ஒரு கடுகு, பாட்டியிடம் ஒரு கடுகு, தம்பியிடம் முற்றிலும் வேறொரு கடுகு. எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படித்து வைத்திருக்கிறாள். அவளுடைய விசித்திரம் என்று நாங்கள் சிரிப்பதில் பாதி, எங்கள் விசித்திரங்களை அவள் கவனித்ததால் வந்தவை.

அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இரண்டு ஜோடி ஷூ இருக்கிறது. வேலைக்குப் போகிற ஷூவை எடுத்தால் கடுகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். நடக்கப் போகிற பழைய ஷூவைத் தொட்டாலே வாசலில் நிற்பாள். இதை எல்லா நாயும் செய்யும். ஆனால் கடுகு ஷூவுக்கு முந்தைய படியையும் கண்டுபிடித்துவிட்டாள். நடக்கக் கிளம்புமுன் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். தனக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கண்ணாடி மேசையில் படும் சத்தத்துக்கு நாய் ஏன் துள்ளி எழுகிறது என்று யோசித்தபோதுதான் எங்களுக்கும் புரிந்தது. சிக்கல் என்னவென்றால், கண்ணைக் கசக்குவதற்கும் அவர் கண்ணாடியைக் கழற்றுவார். அப்போது வாசல்வரை ஓடிப்போய், திரும்பிப் பார்த்து, அப்பா நாற்காலியிலேயே இருப்பதைக் கண்டதும் கடுகின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

இந்த முகத்தைப் பற்றி சார்லஸ் டார்வினே எழுதியிருக்கிறார். மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி 1872-இல் வெளியான நூலில் அவருடைய சொந்த நாய் வருகிறது. அவர் உலாவப் போகும் வழியில் ஓரிடத்தில் வலப்பக்கமாக ஒரு பாதை பிரியும். சோதனைச் செடிகள் இருந்த கண்ணாடி வீட்டுக்குப் போகும் பாதை அது. டார்வின் உடம்பை அந்தப் பக்கம் லேசாகத் திருப்பினாலே நாயின் தலை கவிழும், காதும் வாலும் சட்டென்று விழும், அப்படியே அசையாமல் நின்றுவிடும். குடும்பத்தார் அதற்குக் ‘கண்ணாடி வீட்டு முகம்’ என்று பெயரே வைத்திருந்தார்கள். நாயின் முகம் மாறுகிறதா என்று பார்ப்பதற்காகவே சில சமயம் அவர் அப்படித் திரும்பியதும் உண்டாம். பெரிய விஞ்ஞானிதான், இருந்தாலும் எனக்கு அந்த நாயின் பக்கம்தான் மனசு போகிறது.

அம்மாவிடம் கடுகு வேறு ஆள். அம்மா குரலை உயர்த்தினால் யார் குற்றவாளி என்றெல்லாம் அவள் பார்க்க மாட்டாள். காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் சொருகி, கண்ணை ஓரமாகத் திருப்பி, முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வாள். தம்பி ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்குத் திட்டு விழுந்தாலும் சரி, போனில் யாரிடமாவது அம்மா சத்தம் போட்டாலும் சரி, மன்னிப்புக் கேட்பது கடுகுதான். தம்பி இதைப் பலமுறை பயன்படுத்திக்கொண்டிருக்கிறான். ‘பாரு, அது முகத்துலயே தெரியுது’ என்று நாயைக் காட்டிவிட்டு நழுவிவிடுவான்.

முகத்தில் தெரிவது குற்ற உணர்ச்சியே அல்ல. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தொடக்கூடாது என்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்று உரிமையாளர்களிடம் சில சமயம் பொய்யான தகவலைச் சொன்னார்கள். அந்தக் ‘குற்ற முகம்’ வந்தது நாய் என்ன செய்தது என்பதைப் பொறுத்து அல்ல, உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்துத்தான். இதை அம்மாவிடம் விளக்கியபோது, ‘அப்போ இந்த வீட்டுல நான் திட்டுறதைக் காதுல வாங்குற ஒரே ஆள் அதுதான்’ என்றார். தம்பி அன்று ரொம்ப நேரம் வாயைத் திறக்கவில்லை.

பாட்டிக்கு நாய் பிடிக்காது. அப்படித்தான் அவர் சொல்வார். ஆனால் வீட்டில் கடுகோடு அதிகம் பேசுவது அவர்தான். ‘வந்துட்டியா மூதேவி, போ அந்தப் பக்கம்’ என்று கொஞ்சும் குரலில் சொல்வார். கடுகும் வாலை ஆட்டிக்கொண்டே இந்தப் பக்கமாக வந்து அவர் காலடியில் படுப்பாள். ஹங்கேரியில் ஆட்டிலா ஆண்டிச் என்பவரின் குழு, பயிற்சி பெற்ற 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்க வைத்து, அவற்றின் மூளை பேச்சை எப்படி வாங்குகிறது என்று பார்த்தது. 2016-இல் முடிவுகள் வந்தன. பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தால்தான் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி நன்றாகத் தூண்டப்படுகிறதாம். வெறும் சொல்லோ வெறும் தொனியோ போதவில்லை. பாட்டி விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கிறது. என் யூகம், பாட்டியின் அகராதியில் மூதேவிக்கு என்ன அர்த்தம் என்று கடுகு எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள்.

இன்னொன்று. எங்கள் எல்லோர்மீதும் முன்னங்காலை வைத்து ஏறுகிற கடுகு, பாட்டிமேல் ஒருநாளும் ஏறியதில்லை. அவர் எழுந்து நடந்தால் அவர் வேகத்துக்கே, ஒரு பக்கமாக ஒதுங்கி நடப்பாள். யாரும் பழக்கவில்லை. அதே கடுகு தம்பி உள்ளே வந்த மறுநிமிஷம் முன்பாதியைத் தரையில் தாழ்த்தி, பின்பாதியைத் தூக்கி, ‘வா சண்டைக்கு’ என்று நிற்பாள். நாய்கள் விளையாட்டுக்கு அழைக்கும் முறை அது.

எனக்குக் கிடைத்த கடுகு, காலுறைத் திருடி. அதுவும் துவைத்த காலுறையைச் சீண்ட மாட்டாள், போட்டுக் கழற்றியதுதான் வேண்டும். கடிக்க மாட்டாள், கிழிக்க மாட்டாள். தன் படுக்கைக்கு எடுத்துப்போய் அதன்மேல் தாடையை வைத்துத் தூங்குவாள். நான் வெளியூர் போனால் படுக்கையில் காலுறைகள் கூடிவிடும் என்று அம்மா சொல்வார். நாற்றம் பிடித்த நாய் என்று தங்கை கிண்டல் செய்வாள். நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன். காரணமும் இருக்கிறது. கிரெகரி பெர்ன்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 12 நாய்களுக்கு ஐந்து வகை வாசனைகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள்: நாயின் சொந்த வாசனை, பழகிய நாய், பழகாத நாய், பழகிய மனிதர், பழகாத மனிதர். நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் பகுதி மற்ற எல்லாவற்றையும்விட பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் அதிகம் தூண்டப்பட்டது. அந்த மனிதர் பெரும்பாலும் அங்கே பக்கத்தில்கூட இல்லை. வாசனை எடுத்ததும் அக்குளிலிருந்து. அதற்கு என் காலுறை எவ்வளவோ தேவலாம்.

இவ்வளவு சொன்னதால் கடுகு பெரிய அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள். பொம்மைகளின் பெயரைப் பிரித்து அறிகிற நாய்கள் உண்டு. சேசர் என்ற பார்டர் கோலி இன நாய்க்கு 1,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர் தெரிந்திருந்தது. கடுகிடம் பந்தைக் கொண்டுவா என்றால் காலுறை வரும். கயிற்றைக் கொண்டுவா என்றாலும் காலுறைதான். பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பாள், அதைப் பார்த்து எல்லாம் புரிகிறது என்று வந்தவர்கள் மயங்குவார்கள். 2021-இல் வந்த ஓர் ஆய்வில், உரிமையாளர் பெயர் சொல்லிப் பொம்மையைக் கேட்டபோது, பெயர் கற்கும் திறமையுள்ள நாய்கள் 43 சதவீதத் தடவைகள் தலையைச் சாய்த்தன, சாதாரண நாய்கள் 2 சதவீதம்தான். கடுகு போன் மணிக்கும் சாய்ப்பாள், கதவு கிறீச்சிட்டாலும் சாய்ப்பாள். அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மற்றவை சில்லறை. குளித்ததும் வீட்டைச் சுற்றித் தலைதெறிக்க ஓட்டம். விரித்த குடையைக் கண்டால் குரைப்பு, மடித்தால் சமாதானம்.

‘என்ன இனம்?’ என்று கேட்பவர்களுக்கு: கலப்பு. இனத்தைச் சொன்னால் குணம் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்கிறது. அதனால் குட்டி எடுக்க நினைப்பவர்கள் இனத்தின் பெயரைப் பார்ப்பதைவிட அந்தக் குட்டியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

கடைசியாக, கடுகின் மிகப் பெரிய தொழில்: இரண்டாவது சாப்பாடு. காலையில் அம்மா வைத்ததைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, அப்பா எழுந்து வந்ததும் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்து உள்புருவத்தை மட்டும் மேலே தூக்குவாள். ஓநாய்களிடம் இல்லாத அளவுக்கு நன்றாக வளர்ந்த ஒரு சிறு தசை நாய்களுக்கு அங்கே இருக்கிறது என்று 2019-இல் கண்டறிந்தார்கள். அது அப்பாவிடம் ரொம்ப நாள் பலித்தது. யார் சாப்பாடு வைத்தாலும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் உள்ள தாளில் குறிக்க வேண்டும் என்று அம்மா சட்டம் போட்ட பிறகு வீட்டுக்குள் வியாபாரம் படுத்துவிட்டது. இப்போது விருந்தாளிகள்தான் இலக்கு. வந்தவர் பார்த்தால் புருவம் ஏறும். அவர் போனைப் பார்க்கக் குனிந்தால் இறங்கும். நிமிர்ந்தால் திரும்பவும் ஏறும். சித்தி வந்தால் மட்டும் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.