மகளை வாயாக்கிக்கொண்ட அப்பாவுக்கு

கேள்வி: அன்புள்ள அக்கா, நான்கு வருடமாகக் குவாத்தமாலாவில், கெட்சால்தெனாங்கோ நகரில் ஊழியம் செய்கிறோம். வீடு சந்திப்பு, ஜெபக் கூட்டம், சிறுவர் வகுப்பு என்று நாள் போதவில்லை. முதலில் எல்லா இடத்துக்கும் வந்த மனைவி இப்போது வருவதில்லை. துவைக்கிற தொட்டியடியில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சிரித்துப் பேசுகிறாள், ஊழியம் என்றால் முகம் வாடிவிடுகிறது, ஊருக்குப் போகலாம் என்கிறாள். நல்லவேளை, பத்து வயது மகளுக்கு ஸ்பானிஷ் தண்ணீர் பட்ட பாடு. குடிகாரக் கணவனிடம் அடிபடும் ஒரு சகோதரிக்குப் போன வாரம் மகளை மொழிபெயர்க்க வைத்துத்தான் ஆலோசனை சொன்னேன். மனைவியின் விசுவாசத்தை எப்படித் திடப்படுத்துவது?

பதில்: தம்பி, மனைவியின் விசுவாசம் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். நான் அந்த "நல்லவேளை"யைத் தாண்டி நகரவே முடியவில்லை.

அந்தப் பெண் அழுதுகொண்டே ராத்திரி என்ன நடந்தது என்று சொல்லியிருப்பாள். அதை முதலில் கேட்டது நீங்கள் இல்லை, நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்த உங்கள் மகள். கேட்டதை வாங்கி, தமிழாக்கி, பெற்ற அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எதை விட்டுவிட்டுச் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிய வழியே இல்லையே. அப்புறம் உங்கள் ஆலோசனை. என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் காணோம். "பொறுத்துப் போம்மா, ஜெபி" என்று சொல்லியிருந்தால், அடிபட்டவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்ன வாய் உங்கள் மகளுடையது. சொன்னதைத் தானும் கற்றுக்கொண்டிருப்பாள்.

"அவள் தேவன் தந்த கருவி அக்கா" என்று பதில் எழுதிவிடாதீர்கள், மிஷனெரி வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவள் வளர்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட பிள்ளை. அந்தக் கடமை சபைக்கும் முந்தியது, இதில் என்னோடு வாதாடப் போதகர்கள் பலர் வந்து பார்த்துவிட்டார்கள்.

நான்கு வருடம் என்கிறீர்கள். அதுவும் எந்த ஊரில்? ஷெலா என்று உள்ளூர்க்காரர்கள் கூப்பிடும் அந்த ஊருக்கு, ஸ்பானிஷ் படிப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பை தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் என்று எதிரெதிரே உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் அங்கே நிறைய. கிணற்றடியில் வீட்டைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் பிள்ளையை அனுப்புகிறீர்கள்!

1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவின் கதை உங்களுக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகியவர். அவரும் பிள்ளைகளின் துணையோடுதான் ஆரம்பித்தார், ஆனால் தன் வேலையை அவர்கள் தலையில் ஏற்றவில்லை. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துவிட்டது. நீங்கள் இருக்கிற நாட்டுக்கே 1917-ல் ஸ்பானிஷ் பைபிள் விற்க வந்தவர் கேமரன் டவுன்சென்ட். அங்குள்ள கக்சிக்கேல் என்ற மாயா மக்களில் பலருக்கு ஸ்பானிஷே எட்டவில்லை என்று கண்டதும், அவர்கள் மொழியைப் படிக்க உட்கார்ந்துவிட்டார். உங்கள் சந்தையில் காய் விற்கும், கிச்சே என்ற மாயா மொழி பேசும் பாட்டிகள் இருக்கிறார்களே, அவர்களிடம் என்ன செய்கிறீர்கள்? மகள் கிச்சேயும் படித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறீர்களா?

சரி, மனைவிக்கு வருவோம். துவைக்கிற தொட்டியடியில் சிரித்துப் பேசுகிறாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எந்த மொழியில் சிரிக்கிறாள் தம்பி? அந்தப் பெண்களுக்குத் தமிழ் தெரியாதே. கை நிறைய சோப்பு நுரையோடு, அடுத்த வீட்டுக்காரிக்கு எத்தனை பிள்ளை, மாமியார் எப்படி என்று கேட்டுக் கேட்டே மொழியைப் பிடித்துவிட்டாள், உங்களுக்கு அது ஊழியமாகத் தெரியவில்லை. அவள் முகம் வாடுவது நீங்கள் மகளுக்குச் செருப்பு மாட்டிவிடும் நேரத்தில்தானா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஊருக்குப் போகலாம் என்பதற்கு எனக்குத் தோன்றுகிற அர்த்தம், பிள்ளையைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை என்பதுதான். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம், நீங்கள் அவளிடமே கேட்டிருக்கலாம்.

இந்த ஞாயிறு முதல் மகள் வீடு சந்திப்புக்கு வரக் கூடாது. ஆஸ்பத்திரிக்கும் வேண்டாம், துக்க வீட்டுக்கும் வேண்டாம். அவள் மொழிபெயர்க்கிற படத்தை ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் போடுகிற வழக்கம் இருந்தால், அதையும் நிறுத்துங்கள். அடிபட்ட பெண்ணிடம் உங்கள் மனைவி போகட்டும், அவளுக்கு மனமிருந்தால் மட்டும், சபையின் மூத்த ஹெர்மானா (சகோதரி) ஒருவரோடு. அந்தப் பெண்ணுக்கு இப்போது தேவை, ராத்திரி கதவைத் தாழிட்டுப் படுக்க ஓர் இடம். அதை உள்ளூர்ப் பெண்கள்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

நீங்கள் காலையில் பள்ளிக்குப் போங்கள், மாணவனாக. யாராவது இறந்தால் ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள், காபியும் இனிப்பு ரொட்டியும் கொடுப்பார்கள். போய் ஒரு மூலையில் உட்காருங்கள், "லோ சியென்த்தோ", அதாவது "வருந்துகிறேன்", என்று மட்டும் சொல்லத் தெரிந்தால் போதும், தப்பாகச் சொன்னாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். மகள் அந்த நேரம் தெருவில் விளையாடிவிட்டுத் தூங்கிப்போயிருப்பாள்.

அடுத்த கடிதத்தை உங்கள் மனைவியை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் படித்துப் பார்க்காமல் தபாலில் சேருங்கள்.