முற்றத்தை மூடலாமா?

கேள்வி: காரைக்குடி அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டு வளவின் நடுவில் திறந்த முற்றம் இருக்கிறது. சாரலுக்கும் குரங்குகளுக்கும் அஞ்சி, மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு அடைத்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். அடைக்கலாமா?

பதில்: முழுவதும் அடைத்துவிட வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பகலில் வீட்டுக்குள் சேரும் வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழும்பி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் காற்று உள்ளே வருகிறது. இரவில் முற்றத்துத் தரை தன் சூட்டை வானத்துக்கே விட்டுக் குளிர்கிறது. தகட்டை இறுக்கமாகப் பொருத்தினால் வெயில் உள்ளே இறங்கும், சூடு வெளியேறாது. பிறகு, சித்திரை மாதத்தில் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுக்க இயலாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவுகளும் உள்நோக்கி இறங்குவதால், கூரையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி முற்றத்தில்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாவதற்கு வெகுகாலம் முன்பே, செட்டிநாட்டு வீடுகளில் மூலைக்கு மூலை அண்டா வைத்து இந்த நீரைப் பிடித்தார்கள். ஓட்டு விளிம்பிலேயே தகட்டை அமர்த்தினால் அவ்வளவு நீரும் இணைப்பின்மீது பாய்ந்து ஒழுகும். ஓட்டைத் தாங்கும் மரச் சட்டங்கள் நனைந்து உளுத்துப்போகும்.

குரங்குக்கும் திருட்டுக்கும் இரும்புக் கம்பிச் சட்டமே போதும். சாரலைப் பொறுக்கவே முடியவில்லை என்றால், தகட்டை ஓட்டுக்கு மேல் குறைந்தது 2 அடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் போகும்படி திறந்து விடுங்கள். நீர் வெளியேறும் தூம்பை வாரம் ஒருமுறை துப்புரவு செய்யுங்கள். தேங்கிய நல்ல நீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய பத்து நாளில் வளர்ந்துவிடும். சுவர் பெயர்ந்திருந்தால் சுண்ணாம்புக் காரையாலேயே பூசச் சொல்லுங்கள். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

கேள்வி: புதிதாகக் கட்டும் வீட்டின் திறந்த முற்றத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமா?

பதில்: தாழ்வாரத்துக்குப் போடுங்கள், முற்றத்துக்கு வேண்டாம். சூளையில் சுடாமல், கண்ணாடிப் பலகைமேல் சிமெண்டும் மணலும் வண்ணமும் வார்த்துச் செய்வது அது; நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். நாள்தோறும் மழையும் வெயிலும் படும் இடத்துக்குச் சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல்லே ஏற்றது. நனைந்தாலும் முதியோர் கால் வழுக்காது. எந்தத் தரையானாலும் தூம்பை நோக்கி வாட்டம் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் ஊற்றி மட்டும் கழுவிவிடாதீர்கள்.